படம் எடுக்கப் போகிறேன் என்ற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவை

நான் ஸ்காபரோவில் வளர்ந்தவள். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பதினான்கு வருடமாக ரொறன்ரோ படப்பிடிப்புகளில் கமெரா உதவியாளராக வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் வேலை குறையும்போது சனிக்கிழமைகளில் நூலக அறை ஒன்றில் பிள்ளைகளுக்குக் கமெரா பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். வகுப்பு முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் இன்னொரு வகுப்பு தொடங்கும். பிள்ளையை ஏற்ற வந்த தாய் தகப்பன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேள்வி கேட்பார்கள். தமிழர் மட்டும் இல்லை. சீன, கொரிய, வங்காளக் குடும்பங்களும் வரும். மொழிதான் வேறு, கேள்வி அதே.

பனியில் நின்று அதே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைத்தேன். எனக்குத் தெரிந்தது ரொறன்ரோ நிலவரம். வேறு ஊர்க்காரர் தங்கள் ஊருக்கு மாற்றிப் படிக்கவும்.

இது வேலையோ விளையாட்டோ? மாதம் மாதம் சம்பளம் வருமோ?

வேலைதான். ஆனால் சம்பளம் மாதம் மாதம் வராது. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைக்கிற பிள்ளைகள்தான் பிறகு வீட்டில் பிடிபடுகிறார்கள்.

இங்கே நடக்கும் படப்பிடிப்புகளில் பெரும்பங்கு அமெரிக்கத் தொடர்களும் படங்களும். நடுத்தரமான ஒரு தொடருக்கே நூறு பேருக்கு மேல் வேலை செய்வார்கள். கூலி மணிக்கணக்கில். யூனியன் படப்பிடிப்பு என்றால் கிழமைக்குக் கிழமை காசு வரும், நல்ல காசுதான். நான்கைந்து மாதத்தில் அந்தத் தொடர் முடிந்துவிடும். அடுத்தது மறுநாளே கிடைக்கலாம், மூன்று மாதம் கழித்தும் கிடைக்கலாம். தையும் மாசியும் எப்போதும் மெலிந்த மாதங்கள். எங்களில் பெரும்பாலானோர் சுயதொழில் கணக்கில் வேலை செய்வதால், வேலை நின்றால் வேலையிழப்புக் காப்புறுதிப் பணமும் அநேகமாக வராது.

இதை அப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று பல வருடம் திண்டாடினேன். கடைசியில் அவரே எனக்கு விளங்கப்படுத்தினார். அவருடைய தகப்பன் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். "அப்ப இது தோட்டம் மாதிரி. விளையிற மாதம் எடுத்து வைச்சாத்தான் மற்ற மாதம் அடுப்பெரியும்" என்றார். எந்தக் கணக்காளரும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

டைரக்டர் ஆக முடியாமல் போனால் பிள்ளை என்ன செய்யும்?

ஒரு படத்துக்கு டைரக்டர் ஒருவர். மற்ற நூற்றுச் சொச்சம் பேரும் டைரக்டராக முயன்று தோற்றவர்கள் அல்ல. ஃபோகஸ் பார்ப்பது, லைட் கட்டுவது, ஒலி பதிவது, உடை தைப்பது, செட்டுக்குத் தச்சு வேலை செய்வது எல்லாம் தனித்தனித் தொழில்கள். படத் தயாரிப்புக்கென்றே கணக்காளர்களும் இருக்கிறார்கள். அக்கவுண்டன்சி படித்துவிட்டு அந்த வாசலால் உள்ளே வந்த நம்மவர்களை எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள்.

ஒவ்வொரு தொழிலுக்கும் யூனியன் உண்டு. கமெராக்காரருக்கு ஐயாட்சி (IATSE) என்ற திரைத்தொழிலாளர் சங்கத்தின் 667-ஆம் கிளை. க்ரிப் (கமெராவைத் தாங்கும் சாமான்களைப் பொருத்துபவர்), லைட், உடை, ஒப்பனைக்கு 873. தயாரிப்பு அலுவலக ஒருங்கிணைப்பாளர்களுக்கு 411. முதல் நாளே உறுப்பினராகச் சேர்க்கமாட்டார்கள். முதலில் பேர்மிட்டில், அதாவது தற்காலிக அனுமதியில், வேலை செய்து நாட்களைச் சேர்க்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான வாசல் பி.ஏ. என்கிற எடுபிடி வேலை: கோப்பி கொண்டுவருவது, வீதியில் நின்று ஆட்களை மறிப்பது. அதற்கு முதல் தகுதி சாரதி அனுமதிப்பத்திரம். காலை ஐந்து மணிக்கு நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் நிற்கச் சொன்னால் அங்கே பஸ் போகாது. கமெரா வாங்க முதல் லைசன்ஸ் எடுங்கள்.

இடையில் ஒன்று. கோடம்பாக்கத்தில் 'கால்ஷீட்' என்றால் நடிகர் தரும் தேதி. இங்கே அது ஒவ்வொரு இரவும் மின்னஞ்சலில் வரும் தாள்: நாளை எந்த இடம், யார் எத்தனை மணிக்கு, பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று அதில் இருக்கும். இந்தத் தாளைப் பற்றிக் கீழேயும் பேசுவேன்.

எங்கே படிக்கலாம்? படிக்காமலும் போகலாமோ?

பட்டம் வேண்டுமென்றால் யோர்க் பல்கலைக்கழகம், ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம். கைத்தொழிலாகப் பழக ஹம்பர், சென்டெனியல், செனெக்கா கல்லூரிகள். அனிமேஷனுக்கு ஓக்வில்லில் ஷெரிடன். சீனாவில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த டோமி ஷி அங்கே படித்தவர்தான். அவருடைய குறும்படம் 'பாவ்' 2019-ல் ஒஸ்கார் வாங்கியது.

படிக்காமலும் போகலாம், நான் போனேன். ஆனால் பள்ளியில் கிடைப்பது பாடம் மட்டும் இல்லை. உங்களுடன் சேர்ந்து காசில்லாமல் படம் எடுக்க இருபது பேர் கிடைப்பார்கள். அந்த இருபது பேரை வெளியில் தேடிப்பிடிக்க எனக்கு நாலு வருடம் போனது. லிஃப்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரொறன்ரோ சுயாதீனத் திரைப்படக்காரர் கூட்டுறவு 1981-லிருந்து இருக்கிறது. உறுப்பினரானால் கருவிகளைக் குறைந்த வாடகைக்கு எடுக்கலாம், பட்டறைகளும் நடக்கும். நான் மனிதரைப் பிடித்தது அங்கேதான்.

"முதல்ல ஒரு டிகிரி எடு, பிறகு என்னவும் செய்" என்று அப்பா சொல்கிறார். கேட்கவா?

இதற்கு ஒரே பதில் இல்லை. லீ ஐசக் சுங் யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர், மருத்துவம் படிக்க இருந்தவர். 'மினாரி' அவருடைய படம். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் வளர்ந்த, 'பாஸ்ட் லைவ்ஸ்' எடுத்த செலீன் சோங் முதலில் படித்தது உளவியல். இவர்களுக்கு அந்தப் பட்டம் தடையாகவும் இல்லை, பெரிய உதவியாகவும் இல்லை.

நான் பார்த்தவரையில் ஆபத்து பட்டத்தில் இல்லை, 'பிறகு' என்ற சொல்லில்தான். பட்டம் முடியும், பிறகு மாஸ்டர்ஸ், பிறகு வேலை நிரந்தரமாகட்டும், பிறகு வீடு, பிறகு கலியாணம். அப்பாவோடு பேரம் பேசுவதானால் அந்தப் 'பிறகு'க்கு ஒரு தேதி கேளுங்கள். நாலு வருடம் அவர் சொன்ன படிப்பு, அதற்கடுத்த மூன்று வருடம் நீங்கள் சொன்ன வேலை, அந்த மூன்று வருடமும் கலியாணப் பேச்சு எடுப்பதில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கியே வைத்திருக்கும் ஒரு பெடியனை எனக்குத் தெரியும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறான்.

சரி, வீட்டில் எப்படிச் சொல்லுவது அக்கா?

சாப்பாட்டு மேசையில் "நான் கலைஞன் ஆகப்போறேன்" என்று எழும்பி நிற்கவேண்டாம். நான் நின்றேன். அம்மா ஒரு கிழமை பேசவில்லை.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சினிமா பிடிக்காமல் இல்லை. நம்மைவிட அதிகம் படம் பார்த்தவர்கள் அவர்கள். போருக்கு நடுவிலும் ஜெனரேட்டர் போட்டு வீட்டுக்கு வீடு டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த சனம். அவர்களுடைய பயம் வேறு. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவருக்கு, எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லுபடியாகிற தொழில் ஒன்று பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். டொக்டர் எங்கேயும் டொக்டர் என்பது அவர்கள் எண்ணம். டாக்ஸி ஓட்டிய டொக்டர்களை இதே ஊரில் அவர்களே பார்த்தார்கள், ஆனாலும் அந்த எண்ணம் போகவில்லை. எனக்கு இது பிழையாகத் தெரியவில்லை. பழைய காயம் அப்படித்தான் கணக்குப் போடும்.

அதனால் கனவைச் சொல்லாமல் தாளைக் காட்டுங்கள். யூனியன் கூலி விபரம், வந்த முதல் காசோலை, வரிப் படிவம். எங்கள் வீட்டில் நிலைமை மாறியது எப்போதென்றால், வருடத்தில் 30,000 டொலர் தாண்டியதால் நான் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி இலக்கம் எடுக்கவேண்டி வந்தபோது. "அரசாங்கமே வரி கேக்குது, அப்ப வேலைதான்" என்று அப்பா சித்தப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இன்னொரு வழி அவர்களிடம் வேலை கேட்பது. 'பாவ்' எடுத்தபோது டோமி ஷியின் அம்மா பிக்ஸாருக்கு வந்து மாவை எப்படி மடிப்பதென்று அனிமேட்டர்களுக்குச் செய்துகாட்டினார். நம் அம்மாமாருக்கும் சொல்லித்தரப் பிடிக்கும், சும்மா கூப்பிட்டுக் காட்சிக்கு இருத்தினால்தான் பிடிக்காது.

இதெல்லாம் செய்தும் சில வீடுகளில் சரிவராது. மிச்சத்தோடு வாழப் பழகவேண்டியதுதான். என் பெரியம்மா இன்றைக்கும் "எப்ப வேலைக்குப் போகப்போறாய்?" என்றுதான் கேட்கிறார்.

என்ன கமெரா வாங்கலாம்?

வாங்கவேண்டாம். கைபேசி போதும், முதல் ஐந்து படத்துக்கு. காசிருந்தால் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். படம் மங்கினால் சனம் பொறுக்கும், குரல் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும்.

முதல் குறும்படத்துக்குக் காசு எங்கே கிடைக்கும்?

கலைக்கென்று மூன்று மட்டத்தில் அரசு மன்றங்கள் இருக்கின்றன: ரொறன்ரோ கலை மன்றம், ஒன்ராறியோ கலை மன்றம், கனடா கலை மன்றம். திரைக்கென்றே டெலிஃபிலிம் கனடா, அதில் முதல் முழுநீளப் படம் எடுப்பவர்களுக்குத் தனித் திட்டம். ஆவணப்படம், அனிமேஷன் என்றால் 1939-லிருந்து இயங்கும் தேசியத் திரைப்பட வாரியத்தையும் பாருங்கள். கலை மன்றங்கள் கொடுப்பது கடன் இல்லை, மானியம். விண்ணப்பம் எழுதுவது ஒரு தனிக் கலை. முதல் மூன்றும் தள்ளுபடியாகும் என்று வைத்துக்கொண்டு நாலாவதை எழுதுங்கள்.

கடன் அட்டைக் கதைகளைக் கேட்டு மயங்கவேண்டாம். தைவானில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஜஸ்டின் லின், மீன் பொரியல் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. 2002-ல் வந்த 'பெட்டர் லக் டுமாரோ'வைக் கடன் அட்டைகளைக் காலிசெய்து எடுத்தார், பாட்டுக்காரர் எம்.சி. ஹேமரும் காசு கொடுத்தார். அது பலித்தது, அதனால் நமக்குத் தெரியவந்தது. பலிக்காமல் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. தகப்பனின் வீட்டை ஈடு வைத்து யாராவது படம் எடுக்கப்போவதாகச் சொன்னால் நான் நேரே போய் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இது சனிக்கிழமை வகுப்பின் எழுதப்பட்ட விதி.

கலியாண வீடியோ எடுக்கப்போனால் என் பெயர் கெட்டுப்போகுமா?

யார் சொன்னது? எங்கள் ஊரில் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் மூன்றும் வருடம் முழுக்க நடக்கும் திரைப்படப் பள்ளி. எந்தக் கல்லூரியிலும் கிரேன் கமெராவையும் ட்ரோனையும் முதல் வருடத்திலேயே கையில் தரமாட்டார்கள். இங்கே ஒரு சாமத்தியவீட்டில் இரண்டும் இருக்கும், சிலநேரம் குதிரையும் இருக்கும்.

தாலி கட்டுவது ஒரே ஒரு தடவை. 'இன்னொருக்காக் கட்டுங்கோ' என்று ஐயரிடம் கேட்க முடியாது. முன்னால் மாமா ஒருவர் ஐபேட்டோடு எழும்பி நிற்பார். ஹோமப் புகை. மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் நீல விளக்கு. அட்சதை தூவும் நொடியில் ஃபோகஸ் தப்பினால் முப்பது வருடத்துக்குப் பேச்சுக் கேட்கவேண்டும். இதில் மூன்று கோடைகாலம் நின்ற பிள்ளை எந்தப் படப்பிடிப்பிலும் பதறாது. நான் ஃபோகஸ் பழகியது மணவறைக்கு முன்னால்தான், வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் ஒரு எல்லை போடுங்கள். அந்தக் காசு சுகமான காசு. கிழமை முடிவில் கையில் வரும். அதை விட்டுவிட்டு எடுபிடி வேலைக்குப் போக மனம் வராது. பத்து வருடமாக "வாற வருசம் என்ரை படம் தொடங்கிறன்" என்று சொல்லும் நல்ல கலைஞர்கள் ஐந்தாறு பேரை எனக்குத் தெரியும், எல்லாருக்கும் சொந்த வீடு இருக்கிறது. அவர்கள் எடுத்த முடிவு பிழை என்றும் நான் சொல்லமாட்டேன்.

பொம்பிளைப் பிள்ளையை இரவு வேலைக்கு எப்படி விடுவது?

இதைப் பெரும்பாலும் அம்மாமார் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பன்னிரண்டு மணிநேர வேலை சாதாரணம். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கிச் சனி விடியும்வரை போவதும் உண்டு.

மேலே சொன்ன கால்ஷீட்டை ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு அனுப்புங்கள். நான் பதினான்கு வருடமாக அனுப்புகிறேன். இடம், நேரம், தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். இப்போது என் அம்மா அதை வாசித்து "நாளைக்கு மழைக் காட்சி, சப்பாத்து மாத்தி எடு" என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார். யூனியன் இல்லாத, கால்ஷீட் வராத, 'நண்பர்கள் சேர்ந்து எடுக்கிறோம்' என்கிற இரவுப் படப்பிடிப்புகளில்தான் எனக்கும் பயம். அங்கே தனியாகப் போகவேண்டாம். இதைப் பையன்களுக்கும் சொல்கிறேன். பதினாறு மணிநேரம் வேலை செய்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் தூங்கி வழிந்துகொண்டு ஓட்டுவது யாருக்கும் ஒன்றுதான்.

நீளமான பெயர். சுருக்கவா?

உங்கள் விருப்பம். ஹொலிவூட் இயக்குநர் மனோஜ் நெல்லியாட்டு ஷியாமளன் 'நைட்' என்று தானே ஒரு பெயரைப் பிடித்து நடுவில் போட்டுக்கொண்டார், ஷியாமளனை விடவில்லை. எதை வைத்தாலும் முதல் படத்திலிருந்து ஒரே எழுத்துக்கூட்டலை வையுங்கள். கடவுச்சீட்டில் ஒன்று, டைட்டிலில் இன்னொன்று, காசோலையில் வேறொன்று என்றால் வங்கியில் அலைச்சல்.

படம் தமிழிலா ஆங்கிலத்திலா?

அந்த வீட்டில் என்ன பேசுவார்களோ அதில். நம் வீடுகளில் அம்மா தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும், அம்மம்மா இரண்டுக்கும் தலையாட்டுவார். அதை அப்படியே எழுதுங்கள்.

விருதுக்காரருடைய கணக்குக்கு மொழியை வளைக்கப்போனால் எங்கேயும் போய்ச் சேரமாட்டீர்கள். 'மினாரி' அமெரிக்காவில் பிறந்தவர் அமெரிக்காவில் அமெரிக்கக் காசில் எடுத்த படம். அதில் கொரிய மொழி பாதிக்கு மேல் இருந்ததால் 2021 கோல்டன் குளோபில் அந்நியமொழிப் பிரிவில் போட்டார்கள். ஷ்யாம் செல்வதுரையின் நாவலை வைத்துத் தீபா மேத்தா எடுத்த 'ஃபனி போய்' படத்தைக் கனடா ஒஸ்காருக்கு அனுப்பியது. அதில் ஆங்கிலம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று சர்வதேசப் பிரிவில் ஏற்கவில்லை. அதே படத்தில் பேசிய தமிழைக் கேட்டு நம்மவர்கள் கொதித்தது வேறு கதை. அந்தக் கொதிப்பில் எனக்கும் பங்குண்டு. தமிழ் பேசத் தெரியாதவர் வாயில் யாழ்ப்பாணத் தமிழை வைத்தால் நமக்குப் பல் கூசும். நடிகரைத் தேடும்போதே இதைப் பாருங்கள்.

முழுக்கத் தமிழிலும் எடுக்கலாம். லெனின் எம். சிவம் இங்கேயே '1999', 'ஏ கன் அண்ட் ஏ ரிங்' என்று எடுத்திருக்கிறார். இரண்டாவது 2013-ல் ஷாங்காய் விழாவுக்குப் போனது.

போர், அகதி, கண்டிப்பான அப்பா. இதைவிட வேறு கதை எழுதினால் யாராவது காசு தருவார்களா?

இந்தக் கேள்விக்குள் ஒரு கோபம் இருக்கிறது, அது எனக்கும் இருக்கிறது. மானிய விண்ணப்பத்தில் 'உங்கள் பின்னணி' என்ற பெட்டி வந்தவுடன் கை தானாகவே 'போரில் சிதறிய குடும்பம்' என்று எழுதத் தொடங்கும். அதை எழுதினால் கதவு கொஞ்சம் திறக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 2004-ல் பிறந்தவன் 1983 இனக்கலவரத்தைப் பற்றி முதல் படம் எடுக்கிறான். அவனைக் கேட்டால் அவனுக்கு உண்மையில் ஆசை பேய்ப்படத்தில்.

பேய்ப்படம் எடு. ஷியாமளன் 1992-ல் எடுத்த முதல் படம் சென்னைக்குத் திரும்பிப் போகும் ஒரு மாணவன் கதை. குடும்பத்தாரிடமும் தெரிந்தவர்களிடமும் வாங்கிய காசு அது. 1999-ல் அவரை உலகம் அறிந்தது 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தில், பிலடெல்ஃபியாவில் பேய் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனால். ஜஸ்டின் லின் கார் பந்தயப் படங்களுக்குப் போனார். அதற்காகப் பின்னணியை ஒளிக்கவேண்டும் என்றும் இல்லை. வி.டி. நயனி 2022-ல் ரொறன்ரோ விழாவில் காட்டிய 'திஸ் பிளேஸ்' ஒரு காதல் கதை. இரண்டு பெண்களில் ஒருத்தி தமிழ், மற்றவள் ஈரானிய வேரும் மோஹாக் என்ற பூர்வகுடி வேரும் உள்ளவள். போர் அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிறது, நம் வீடுகளில் இருப்பதுபோல. படத்தின் முதுகில் ஏறி உட்காரவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான், பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். அந்தக் கதை உங்களை நித்திரை கொள்ளவிடாவிட்டால் மட்டும் எடுங்கள். பெட்டி நிரப்ப எடுக்கவேண்டாம்.

நித்திரை கொள்ளவிடவில்லை. அப்பாவின் கதையைத்தான் எடுக்கவேண்டும். அவரிடம் கேட்கத்தான் வேண்டுமா?

கேட்க வேண்டும். கேட்டாலும் போதாது. அவர் "சரி" என்பது உங்கள் முகத்துக்காகவும் இருக்கலாம்.

நம்முடைய விஷயத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அகதிக் கோவையில் எழுதியது, நண்பருக்குச் சொன்னது, பிள்ளைக்குச் சொன்னது மூன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றில்லை. வயது, திகதி, எந்த வழியால் வந்தார், யார் கூட வந்தார் என்பதெல்லாம் ஒரு ஆவணப்படத்தில் வாய்தவறி வந்தால் பாதிக்கப்படுவது நீங்கள் அல்ல. ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய முகமும் வீட்டு வாசலும் உங்கள் படத்தில் தெரியும். திரையிடுவதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டுங்கள். பணம் கொடுத்துத்தான். அது கமெரா வாடகையைவிட அவசியமான செலவு.

கற்பனைப் படமாக்கிவிட்டால் தப்பலாமா? ஓரளவுக்கு. லூலூ வாங் தன் பாட்டியின் நோயைக் குடும்பமே பாட்டியிடம் மறைத்த கதையை 'தி ஃபேர்வெல்' என்று 2019-ல் எடுத்தார். பாட்டி வசிக்கும் சாங்சுன் நகரத்திலேயே படப்பிடிப்பு, பாட்டியின் தங்கையே தன் வேடத்தில் நடித்தார், அப்போதும் பாட்டிக்கு விஷயம் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த படம் அது. ஆனால் அதை நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டால் செய்திருக்கமாட்டேன். நான் செய்த ஒரு குறும்படத்தில் அப்பாவை மாமாவாக்கி, யாழ்ப்பாணத்தை மட்டக்களப்பாக்கி, லொறியைப் படகாக்கினேன். அப்பா பார்த்துவிட்டு "அந்த மாமா பாவம்" என்று மட்டும் சொன்னார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

சென்னைக்குப் போய் முயற்சி செய்யலாமே?

போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. கனடாக் கடவுச்சீட்டு என்றால் சுற்றுலா விசாவில் போய்த் தொழில்முறையாகப் படம் எடுக்க முடியாது. அங்கே ஒரு இயக்குநரிடம் உதவியாளராக வருடக்கணக்கில் நின்று பழகுவது வழக்கம், அந்த வருடங்களில் கையில் வருவது சொற்பம். போன என் மச்சான் ஒருவனிடம் வாய் திறந்த முதல் நாளே "நீங்க மலையாளமா?" என்று கேட்டார்கள். ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். சென்னைத் தமிழ் நன்றாகப் பேசுவான் இப்போது, ஸ்காபரோவில்.

ஒரு வருடம் முழுக்க வேலையே இல்லாமல் போனால்?

2023-ல் போனது. மே 2 தொடங்கி எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம், நடுவில் ஜூலையில் நடிகர்களும் சேர்ந்து 118 நாள். நிறுத்தம் அமெரிக்காவில், பட்டினி இங்கேயும். முதல் பதிலில் சொன்னது நினைவிருக்கும்: எங்கள் வேலையில் பெரும்பங்கு அங்கேயிருந்து வருகிறது. ஒரு க்ரிப் கூரை வேலைக்குப் போனார், நான் கலியாண வீடியோவுக்குத் திரும்பினேன். ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்வது அதனால்தான். சுயதொழில் வரிப் படிவத்துக்கு ஜூன் 15வரை நேரம் தருவார்கள், ஆனால் கட்டவேண்டிய காசுக்கு ஏப்ரல் 30 தாண்டினால் மே 1-லிருந்தே வட்டி ஏறும். அந்த வருடம் இதை மறந்தவர்கள் இரட்டை அடி வாங்கினார்கள்.

எனக்கு 33, இரண்டு பிள்ளைகள், வங்கியில் வேலை. பிந்திவிட்டதா?

இன்று உலகறிந்த இயக்குநர் ஆங் லீ, தைவானில் தலைமையாசிரியர் ஒருவரின் மகன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்றவர். நியூயோர்க்கில் படம் படித்து முடித்தும் ஆறு வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் சமைத்துப் பிள்ளை பார்த்தார். நுண்ணுயிரியல் ஆய்வாளரான மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. 1990-ல் தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டியில் முதற்பரிசு, இரண்டாம் பரிசு இரண்டும் அவருக்கு. அடுத்த வருடம் முதல் படம், வயது 37.

இந்தக் கதையை எல்லாரும் ஆங் லீக்காகச் சொல்வார்கள். நான் மனைவிக்காகச் சொல்கிறேன். வங்கி வேலையை விடுவதற்கு முன் உங்கள் வீட்டில் அந்த ஆறு வருடத்தைச் சுமக்க யார் இருக்கிறார், அவரிடம் கேட்டீர்களா? கேட்காவிட்டால் வேலையை வைத்துக்கொண்டு இரவில் திரைக்கதை எழுதுங்கள். எழுத்துக்கு வயதும் இல்லை, பேர்மிட்டும் தேவையில்லை.

அம்மா என் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. பிடிக்கவில்லையா?

தெரியாது. என் பெயர் முதன்முதலில் டைட்டிலில் வந்த குறும்படத்தை அம்மாவுக்குக் காட்டியபோது, முடிந்ததும் நானும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த வீட்டு யன்னல்ல தொங்கினது எங்கட முன்னறைத் திரையெல்லோ?" ஆம், சொல்லாமல் எடுத்துப்போனது. பதினொரு வருடமாகிறது. தயாரிப்பாளரின் கராஜில் எங்கோ கிடக்கவேண்டும். பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போதெல்லாம் அம்மா அதை விசாரிக்கிறார்.